அண்டாவும் பாடும்: வீட்டு ஸ்டுடியோ கேள்வி பதில்

மாவட்டத்தை 1989-ல் ஒரு முறை, 2019-ல் ஒரு முறை பிரித்தாயிற்று. ஆனால் கத்திரி வெயிலும் கரன்ட் கட்டும் எல்லோருக்கும் பொதுதான் என்பதால், பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எந்த மைக் வாங்கலாம் என்று மட்டும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்கள் வீடு ரயில்வே லைனை ஒட்டி இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஸ்டுடியோ போட ஆசை. ரயில் சத்தத்தைத் தடுக்க என்ன செய்யலாம்?
— கல்லூரி மாணவர், காட்பாடி

முழுசாகத் தடுக்க முடியாது தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை நிறுத்துவது எடையும் இடைவெளி இல்லாத அடைப்பும்தான். செங்கல் சுவர் மேல்சத்தத்தை நன்றாகவே நிறுத்தும், ஆனால் ரயிலின் அடிச்சத்தம் தரை வழியாகவே வீட்டுக்குள் ஏறி வந்துவிடுகிறது, அதற்கு அறைக்குள் இன்னொரு அறையை ரப்பர் மேல் நிறுத்திக் கட்டவேண்டும், வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. நீங்கள் செய்யக்கூடியது: கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை ரப்பர் பட்டை போட்டு அடையுங்கள், ஜன்னல் கதவு சட்டத்தோடு ஒட்டி மூடுகிறதா பாருங்கள், ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் எடுக்கும் மைக்கை வாங்கி அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி வையுங்கள், பாட்டுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை மென்பொருளில் வெட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு ரயில் நேரம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வண்டிக்கு நடுவில் பாட வேண்டியதுதான். சென்னை–ஜோலார்பேட்டை லைனும் விழுப்புரம்–திருப்பதி லைனும் குறுக்கே சந்திக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு வேறென்ன செய்ய?

ரயிலைவிட எனக்குக் கவலை அந்தப் பத்துக்குப் பத்துதான். எதிரெதிர்ச் சுவர்கள் பத்தடி தள்ளி இருந்தால் அந்த அறை சுமார் 56 ஹெர்ட்ஸில் தானாக முழங்கும், அதன் மடங்குகளான 112, 168-லும் முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே எண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு, பேஸ் கிட்டாரில் ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கித் தெரியும், பக்கத்து ஸ்வரம் காணாமல் போகும். ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். 112 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடங்கள். ஓர் இடத்தில் சத்தம் ஆளைத் தள்ளும், இரண்டு எட்டு வைத்தால் சத்தமே இருக்காது. நீங்கள் உட்காரும் நாற்காலியை அறைக்கு நட்டநடுவிலும் போடாதீர்கள், சுவரை ஒட்டியும் போடாதீர்கள், முன்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு மேலே எங்காவது போட்டுக் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், ரயில் வரும்போது ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஒரு முறை ஓடவிடுங்கள். ஹார்ன் அடித்துக்கொண்டே உங்களைத் தாண்டும் வண்டியின் சுருதி தாண்டிய நொடியில் இறங்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கி இன்னும் ஒரு துளி கீழே போகும். பதிவை டியூனரில் போட்டு இரண்டு ஸ்வரத்தையும் அளந்தால் வண்டி என்ன வேகத்தில் போனது என்று கணக்குப் போட்டுவிடலாம். இன்ஜினியரிங் படிக்கிறவராக இருந்தால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

முட்டை அட்டை ஒட்டினால் சவுண்டு ப்ரூஃப் ஆகுமா? பக்கத்து பிரியாணிக் கடையில் சும்மாவே தருகிறேன் என்கிறார்கள்.
— வாசகர், ஆற்காடு

ஆகாது. சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், அட்டைக்கு எடை இல்லை. எதிரொலியை உறிஞ்சத் துளைகள் நிறைந்த தடிமன் வேண்டும், அதுவும் இல்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளம், அதை ஒரு விரல் கனத்து அட்டை என்ன செய்துவிடும்? மேல்சத்தத்தில் கொஞ்சம் சிதறல் வரும், அவ்வளவுதான், கூடவே கரப்பான் வரும், தீப்பிடிக்கும் அபாயம் வரும். தெர்மாகோலுக்கும் இதே பதில். பரண் மேல் கிடக்கும் இலவம் பஞ்சு மெத்தையை இறக்கி அறை மூலையில் நிறுத்துங்கள். புத்தக அலமாரி இருந்தால் பின்சுவரில் வையுங்கள். பீரோவைத் திறந்து புடவைகள் பக்கம் முகத்தை வைத்துப் பாடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், அந்த அறையிலேயே சிறந்த உறிஞ்சும் பொருள் அந்தப் புடவை அடுக்குதான்.

என் வீட்டுக்காரர் இரவு பதினோரு மணிக்கு மேல் அந்த அறைக்குள் போனால் இரண்டு மணிக்குத்தான் வருகிறார். நாலு வரிப் பாட்டு. கேட்டால் "மிக்ஸ் போயிட்டிருக்கு" என்கிறார். உண்மையைச் சொல்லுங்கள், அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
— இல்லத்தரசி, தொரப்பாடி, வேலூர்

நியாயமான கேள்வி, இதைக் கேட்க எங்கள் வீட்டிலும் ஆள் இருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் போவதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பகலில் மிக்ஸி, குக்கர் விசில், மாடிக்கு மோட்டார், தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் ஒலிபெருக்கி. அந்த நேரத்துக்கு மேல்தான் ஊர் அடங்குகிறது. விடியும் முன் எழுந்தால் பாங்கு, சுப்ரபாதம், சர்ச் மணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும், நம் கோட்டைக்குள்ளேயே கோயிலும் மசூதியும் சர்ச்சும் இருக்கும்போது ஊருக்குள் கேட்கவா வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், பெரும்பாலும் அலுப்பு. கேபிள் எங்கே, ஏன் வலது காதில் மட்டும் கேட்கிறது, லேப்டாப் ஏன் திடீரென்று அப்டேட் ஆகிறது, இப்படித்தான் முதல் ஒரு மணி நேரம் போகும். அப்புறம் ஒரு டேக், அதாவது ஒரு முறை பாடிப் பிடித்த பதிவு, சரியாக விழும். அதை அப்போதே திரும்பப் போட்டுக் கேட்கும் அந்த நேரம் இருக்கிறதே, பாடும்போது நமக்கே தெரியாமல் ஒரு வார்த்தையை எப்படியோ வளைத்திருப்போம், இன்னொரு முறை வேண்டுமென்று பாடினால் வராது, அது அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும். தன் குரலுக்கு மேல் தானே இன்னொரு முறை பாடி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டும் ஒரு முடியளவு விலகி நிற்பதால் குரல் அகலமாகிவிடும், ஒருவர் பாடியது மூன்று பேர் பாடியதாகக் கேட்கும். இது எத்தனை முறை செய்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. ஹெட்போனை மாட்டி, மைக் சத்தத்தைப் பெருக்கும் கெயினை ஏற்றி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் பல்லி, சுவர்க் கடிகாரம், இரண்டு தெரு தள்ளிப் போகும் புல்லட், தன் வயிற்றுச் சத்தம் எல்லாம் கேட்கும். சொந்த வீட்டில் இவ்வளவு நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

இருந்தாலும் நாலு வரிக்கு மூன்று மணி நேரம் அதிகம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்ட காது பொய் சொல்லும், காலையில் கேட்டால் அவருக்கே பிடிக்காது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கூடவே ஒரு நாள் நீங்களும் உள்ளே போய்ப் பாடிவிட்டு வாருங்கள். தாலாட்டு, கும்மி, எதுவானாலும் சரி.

நான் மேல் சட்ஜத்தைப் பிடித்தால் மட்டும் அறையில் எதுவோ "ங்ங்ங்" என்று கூடவே இழுக்கிறது. மைக்கை மாற்றியும் போகவில்லை. மைக் கோளாறா, என் குரல் கோளாறா?
— பாட்டு டீச்சர், வாலாஜாபேட்டை

இரண்டும் இல்லை, உங்கள் வீட்டுப் பாத்திரம். ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமாகச் சில அதிர்வெண்கள் உண்டு, நீங்கள் சரியாக அந்த ஸ்வரத்தைத் தொட்டால் அது கூடச் சேர்ந்து அதிரும். வீணை மூலையில் சாய்த்து வைத்திருந்தால் அதன் தந்தி, ஜன்னல் கண்ணாடி, டியூப்லைட்டின் தகரப் பட்டி, காலியான ஸ்டீல் பீரோவின் கதவு, எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது பரண் மேல் கவிழ்க்காமல் வைத்திருந்த பித்தளை அண்டா. கண்டுபிடிக்க வழி: செல்போனில் டோன் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கரில் இணைத்து 100 ஹெர்ட்ஸிலிருந்து 1000 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ரீங்காரம் வரும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துப் பாருங்கள், கை பட்டதும் எது வாயை மூடுகிறதோ அதுதான். உள்ளே ஒரு பழைய போர்வையைத் திணித்தால் வேலை முடிந்தது.

ஆனால் திணிப்பதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் உபயோகப்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அண்டாவுக்குள் மைக்கை இறக்கி மேலே குனிந்து பாடிப் பாருங்கள், எந்த மென்பொருளும் தராத ஒரு கூடம் கிடைக்கும். இன்னும் பெரிய கூடம் வேண்டுமென்றால் வீட்டுச் சம்ப். நம் ஊரில் சித்திரையில் அது காலியாக இருப்பது புதிதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கரையும் மைக்கையும் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, பாடி முடித்த டிராக்கை அங்கே ஒலிக்கவிட்டு, திரும்பி வரும் முழக்கத்தைத் தனி டிராக்காகப் பதிவு செய்து, பழையதோடு கொஞ்சமாகக் கலக்க வேண்டும். பெரிய ஸ்டுடியோக்களில் எதிரொலி அறை என்று தனியாகக் கட்டி வைத்துச் செய்த வேலை இது. ஆள் மட்டும் சம்புக்குள் இறங்கவே கூடாது, மூடியிருந்த தொட்டியில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கரன்டில் ஓடும் எதையும் உள்ளே விடவும் கூடாது.

மே மாதம் மட்டும் என் ஐந்து கட்டைப் புல்லாங்குழல் கீபோர்டோடு சேர மாட்டேன் என்கிறது. குழல் விரிந்துவிட்டதா?
— வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

குழல் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அது சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. குழலின் நீளம் மாறாமல் ஒலியின் வேகம் மட்டும் கூடினால் சுருதி ஏறத்தானே செய்யும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரைக் கட்டைக்கு 100 சென்ட். ஏசி போட்ட 25 டிகிரி அறைக்கும் ஏசி இல்லாத 38 டிகிரி அறைக்கும் நடுவில் கணக்குப்படி கிட்டத்தட்ட 37 சென்ட் வித்தியாசம். ஊதும் மூச்சும் சூடுதான் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும், ஆனாலும் காது கண்டுபிடித்துவிடும். கீபோர்டுக்கு வெயிலாவது மழையாவது, அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால் அதே வெயிலில் வீணை இறங்கும், ஏனென்றால் சூட்டில் தந்தி நீண்டு தளர்கிறது. மிருதங்கத்தின் தோல் வறண்ட காற்றில் இறுகி ஏறும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்துத் தொய்யும். ஆக அக்னி நட்சத்திரத்தில் மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே, இன்னொன்று சுத்தியலைத் தேடிக்கொண்டு இருக்கும். ஃபேனையும் போட முடியாது, மைக்கில் இரையும்.

பதிவு எடுக்கும் முறை இதுதான்: முந்தின ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு அறையைக் குளிர வையுங்கள், குழலைப் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றுங்கள், ஏசியை நிறுத்திவிட்டு டேக் எடுங்கள், அறை சூடானதும் மறுபடி ஏசி. முதல் டேக்கின் பல்லவியையும் கடைசி டேக்கின் சரணத்தையும் வெட்டி ஒட்டாதீர்கள், இரண்டும் வேறு வேறு வெயிலில் ஊதியவை. குழலை கீபோர்டுக்கு இழுப்பதைவிட, தம்பூரா செயலியையும் கீபோர்டையும் 10, 15 சென்ட் ஏற்றி குழலோடு சேர்ப்பது சுலபம். எல்லா மென்பொருளிலும் அதற்கு ஒரு இடம் இருக்கிறது.

ரெக்கார்ட் செய்து கேட்டால் என் குரல் எனக்கே சகிக்கவில்லை. மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகி, ராணிப்பேட்டை

மற்றவர்கள் சொல்வதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது, எலும்பு அடிச்சுருதியை நன்றாகக் கடத்தும். அதனால் உங்களுக்கு மட்டும் உங்கள் குரல் கனமாகக் கேட்டுப் பழகிவிட்டது. மைக்குக்கு அந்த எலும்பு கிடையாது. ஊரே இத்தனை வருடமாகக் கேட்பது பதிவில் இருக்கும் அந்தக் குரலைத்தான், அதைக் கேட்டுத்தான் உங்களைப் பாடச் சொல்கிறார்கள். கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் பாடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகள் கிட்டே போகப் போக அடிச்சத்தத்தைக் கூட்டிக் காட்டும். ப எழுத்து வெடிக்காமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணியை இழுத்து மாட்டி நடுவில் வையுங்கள், கடையில் விற்கும் பாப் ஃபில்டரும் அதுவேதான்.

எங்கள் தாத்தா கூத்தாடியவர். எண்பதுகளில் யாரோ டேப்ரெக்கார்டரில் பிடித்த ஒரு இரவுக் கூத்து கேசட் வீட்டில் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் தாத்தா குரல் சின்னப் பையன் குரலாகக் கேட்கிறது, ஒரே இரைச்சல் வேறு. இதை சரிசெய்ய முடியுமா?
— வாசகர், செய்யாறு அருகே ஒரு கிராமம்

முடியும், அவசரப்படாமல் இருந்தால். இன்னொரு முறை போட்டுப் பார்க்காதீர்கள், முதலில் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், அப்போதுதான் தவறிக்கூட அதன்மேல் புதிதாகப் பதிவாகாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா, நடுவில் நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டதா என்று பாருங்கள். பூஞ்சை இருந்தால் ஓட்டாதீர்கள், அது நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் கெடுக்கும், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பென்சிலால் மெதுவாக ஒரு முறை முழுசாகச் சுற்றித் தளர்த்துங்கள். ஓட்டும் டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு (சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிக்கு) நேராக எடுங்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சாய்வுத் திருகை ஒரு முடியளவு திருப்பிப் பாருங்கள், மேல்சத்தம் சட்டென்று திறந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கும். பதிவு செய்த அன்றைய மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அது அந்த இடம்.

தாத்தா சின்னப் பையன் ஆனதற்குக் காரணம் பேட்டரி. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடவேண்டும். கூத்து விடிய விடிய நடக்கும், பேட்டரி இறங்க இறங்க மெஷின் மெதுவாக ஓடியிருக்கும், மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே விரைந்து மேலே போகும். எவ்வளவு இறக்குவது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வடக்கத்திக் கூத்தில் ஆர்மோனியம் இருக்குமே, அந்தப் பெட்டியோ அதே கட்டையில் சேர்த்த பெட்டியோ இன்னும் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதே ஸ்வரத்தை இப்போது வாசித்துப் பதிவு செய்து, கேசட்டில் உள்ளதோடு ஒப்பிட்டால் எத்தனை சென்ட் வித்தியாசம் என்று தெரிந்துவிடும். மெஷினைக் கரன்டில் ஓட்டியிருந்தால் இன்னும் சுலபம், கூடவே 50 ஹெர்ட்ஸ் உறுமலும் நாடாவில் பதிந்திருக்கும். அது இப்போது 52 ஹெர்ட்ஸாகத் தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். எல்லோரும் திட்டுகிற அந்த உறுமல்தான் இங்கே அளவுகோல். இப்போது உங்கள் டெக் சேர்க்கும் சொந்த உறுமல் சரியாக 50-ல் தனியாக நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் வேறு வேறு அளவு இறக்க வேண்டியிருக்கும், பேட்டரி ஒரே மாதிரி இறங்குவதில்லை.

ஹெட்போனில் கேட்கும்போது ஓர் ஆச்சரியம் வரலாம். கட்டியங்காரன் பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், அதே பேச்சு மிக மெல்லியதாக, எங்கிருந்தோ வருவதாகக் கேட்கும். பேய் இல்லை. சுருளில் வருடக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்ததில் ஓர் அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் லேசாகப் பதிந்துவிடுகிறது.

இரைச்சலைப் பற்றி. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே இரைச்சல் நீக்கி இருக்கிறது, யாரும் பேசாத இரண்டு நொடியைக் காட்டினால் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் கழிக்கும். கொஞ்சமாகக் கழியுங்கள். முழுசாகக் கழித்தால் முகவீணையின் கூர்மையும் சலங்கையும் சேர்ந்து போய், எல்லோரும் தண்ணீருக்குள் நின்று பாடுகிற மாதிரி ஆகிவிடும். அதோடு, அந்த இரைச்சலில் பாதி நாடாவுடையது, மீதி பெட்ரோமாக்ஸ் விளக்குடையதாக இருக்கக்கூடும். பின்னால் நாய் குரைப்பது, தூக்கத்தில் குழந்தை சிணுங்குவது, யாரோ "சத்தம் போடாதீங்கடா" என்பது, இதையெல்லாம் வெட்டி எறிந்தால் ஏதோ சபாவில் நடந்த கூத்தாகிவிடும், அது நடந்தது உங்கள் ஊர்த் திடலில். எதையும் நீக்காத முதல் பதிவை அப்படியே இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். பிறகு ஊரில் அந்தக் கூத்தைப் பார்த்த பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள், எந்தக் குரல் யாருடையது என்று அவர்கள் சொல்வதையும் ஒரு மைக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுக்குத்தான் அவசரம், கேசட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

மகன் ஸ்டுடியோ வைக்க இரண்டு லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?
— தோல் வியாபாரி, ஆம்பூர்

லேப்டாப் ஏற்கனவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சானல் இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், ஒரு மூடிய ஹெட்போன், ஸ்டாண்ட், கேபிள். கேட்ட தொகையில் கால்வாசிக்குள் முடியும். ஆறு மாதம் போகட்டும், அதில் பாடி முடித்த பாட்டு ஏதாவது இருந்தால் அடுத்ததைப் பற்றிப் பேசுங்கள். கன்டென்சர் மைக் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான், அது தெருவையே கேட்கும், இப்போது வேண்டாம்.

ஸ்பீக்கரில் எப்போதும் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது. ஏன்?
— வாசகர், வாணியம்பாடி

எர்த். சார்ஜர், ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் எல்லாம் வேறு வேறு பிளக்கில் போய் வேறு வேறு வழியாக பூமியைத் தொட்டால், நடுவில் ஒரு வளையம் உண்டாகி கரன்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே நுழையும். எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் பலகையில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் உடைத்து எறியாதீர்கள், உயிருக்கு ஆபத்து. பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி வீட்டில் ஓட்டை இருக்கிறது, வயர் இல்லை.

இன்னொரு சமாச்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே விழும் ஸ்வரம். நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மரும் ஃபிரிட்ஜும் எல்லாம் அந்தச் சுருதியில்தான் நாளெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கின்றன, ஐந்து கட்டையில் பாடும் பெண்கள் வீட்டில் தம்பூரா இல்லாமலே ஏன் லேசாகச் சுருதி விலகுகிறார்கள் என்பதற்கு இதையும் ஒரு காரணமாக நான் சந்தேகிக்கிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள். கரன்ட் போனால் இது புரியும். ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், தெருவிளக்கு எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடும். லேப்டாப் பேட்டரியிலும், இன்டர்ஃபேஸ் யூஎஸ்பி மின்சாரத்திலும் ஓடினால், அந்த அரைமணி நேரத்தில் கிடைக்கும் சுத்தமான டேக் வேறெப்போதும் கிடைக்காது. இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள், சில இன்வெர்ட்டர்கள் கரன்டைவிட மோசமாக இரையும்.

வைகாசி ஒன்று சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் பம்பைக் குழுவின் அடியைப் பதிவு செய்து வைக்க ஆசை. அறைக்குள் வைத்து எடுத்தால் எல்லாம் கிழிகிறது.
— பம்பைக் கலைஞரின் மகன், குடியாத்தம்

அறையை விட்டு வெளியே வாருங்கள். பம்பை திறந்த வெளிக்குச் செய்த வாத்தியம், பத்தடி அறையில் அது தன் எதிரொலியோடேயே மோதிக்கொள்ளும். விடிகாலையில் மொட்டை மாடி, தரையில் கனமான ஜமக்காளம், டைனமிக் மைக், ஆறடி தூரம், காற்று அடிக்காமல் மைக்குக்கு நுரை உறை. கெயினை இறக்குங்கள், உச்ச அடியும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது. சத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், 24 பிட்டில் பின்னால் ஏற்றிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது, கிழிந்ததைத்தான் ஒட்ட முடியாது. உடுக்கையையும் சிலம்பையும் பம்பைக்குப் பின்னால் நிறுத்தாமல் மைக்குக்குக் கிட்டே கொண்டு வாருங்கள், வால்யூமைத் திருகுவதைவிட ஆளை நகர்த்துவது நல்லது. முதல் முறை கேட்கும்போது "என்ன, வறட்டுச் சத்தமாக இருக்கிறது" என்று அப்பா சொல்வார். மாடியில் சுவர் இல்லை, திருப்பி அனுப்ப எதுவும் இல்லை, அதனால் தோலும் குச்சியும் மட்டும் கேட்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டுக் காட்டுங்கள். ஊர்க்காரர்களை எழுப்பும் முன் பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

440-க்குப் பதில் 432 ஹெர்ட்ஸில் டியூன் செய்தால் மனசுக்கு அமைதி என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஆரணி

440 என்பது எல்லோரும் சேர்ந்து வாசிக்க வசதியாக வைத்துக்கொண்ட ஓர் அளவு, 1955-ல் சர்வதேசத் தர அமைப்பு பரிந்துரைத்தது. அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறு வேறு. 432 அதைவிட 32 சென்ட் கீழே, அவ்வளவுதான். நம் பாடகர்கள் தொண்டைக்கு எது வருகிறதோ அதைச் சட்ஜமாக வைத்துப் பாடுகிறவர்கள், எட்டு ஹெர்ட்ஸில் ஞானம் வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்கும். உங்களுக்குப் பிடித்திருந்தால் 432-லேயே வையுங்கள், ஆனால் கீபோர்டு வாசிக்க வெளியிலிருந்து ஆள் வந்தால் அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.